புள்ளிக்குப் பின்னால் வரும் சொல்

எங்கள் கடையில் உப்பு தீர்ந்துபோனால் உப்பு இல்லை என்று நாங்கள் சொல்வது கிடையாது, மேடம். "சாயங்காலம் வந்துரும்" என்போம். "வண்டியில இருக்கு" என்போம். பழகிய ஆளாக இருந்தால் "நெறஞ்சிருக்கு" என்றுகூடச் சொல்லுவோம். அவரும் புரிந்துகொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். கல்லாவுக்கு முன்னால் உட்கார்ந்து இல்லை என்று சொன்னால் லட்சுமி எழுந்து போய்விடுவாள் என்பது எங்கள் நம்பிக்கை. லட்சுமியைக் கும்பிடாத கிறிஸ்தவக் கடைக்காரர்களும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார்கள் போல.

ஒரே ஒரு சமயத்தில்தான் வியாபாரி வாயில் அது வரும். தட்டுப்பாடு வந்து விலை ஏறும்போது. அப்போது எந்தக் கடையில் கேட்டாலும் பருப்பு இல்லை, எண்ணெய் இல்லை என்பார்கள். பின்கட்டில் மூட்டை உத்தரம் வரைக்கும் அடுக்கியிருக்கிறது என்று அதற்குப் பொருள். போலீஸுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெனிட்டோ அண்ணாச்சியின் செல்போன் என் கிடங்கு மேசையில் ஏன் சார்ஜில் கிடந்தது என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. முதலில் வந்த ஏட்டையா அதைக் கவனிக்கவில்லை. அதற்கு வருகிறேன். எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் வரும். கடையில் உட்கார்ந்தே வளர்ந்தவன். தராசைத் துடைக்காமல் நிறுத்தால் கை கூசும்.

என் பெயர் தங்கப்பாண்டி. யானைக்கவுனியில் பருப்பு மொத்த வியாபாரம். கிடங்கு ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க வரிசை கட்டி உறுமிக்கொண்டிருக்கிற சாலையில். வீடு காலடிப்பேட்டையில். அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கருப்பட்டிச் சிப்பத்தோடு வந்து இறங்கியவர். வட சென்னை வியாபாரிகள் சங்கத்துக்கு நான் செயலாளர். தலைவர் பதவியை யாருக்கும் கொடுக்கலாம். அவர் மாலை வாங்கிக்கொள்வார். வேலை நடப்பது செயலாளரிடம்.

உங்கள் வீட்டுக்கும் இப்போது பருப்பு போனில்தான் வரும் என்று நினைக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை. என் மருமகளே அப்படித்தான் வாங்குகிறாள். மாமனார் கிடங்கில் மூட்டை மூட்டையாகத் துவரம் பருப்பு கிடக்கிறது. மருமகள் கால் கிலோவைப் போனில் வரவழைக்கிறாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒருவன் கதவில் மாட்டிவிட்டுப் போகிறான். கேட்டால், "கீழ எறங்கிப் போறதுக்குள்ள வந்துருது மாமா" என்கிறாள். உண்மைதானே.

இந்த மூன்று வருஷத்தில் எங்கள் தெருவில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. இறக்கியவர்கள் யாரும் கடையை மூடிவிட்டேன் என்று சொல்லவில்லை. "கொஞ்சம் ரெஸ்ட்டு" என்றார்கள். வாரம் ஒருமுறை என் கடைக்கு வந்து சும்மா உட்கார்ந்து, மூட்டையில் கையைவிட்டுப் பருப்பை அளைந்துவிட்டுப் போவார்கள். பார்க்கச் சகிக்காது, மேடம்.

அப்போதுதான் சித்தார்த் வந்தான். வியாசர்பாடிப் பிள்ளை. கம்ப்யூட்டர் வேலை. சங்கத்துக்கு ஓர் இணையதளம் செய்து கொடுக்க வந்தவன், வேலைக்கு நடுவே ஒரு பேச்சுக்குச் சொன்னான்.

"சார், வெப்சைட் அட்ரஸ்ல புள்ளிக்கு அப்பால 'காம்', 'இன்'னு ஒண்ணு வருதுல்ல. அந்த எடத்தையே கேட்டு மனு போடலாம் சார். தமிழ்லயே கேக்கலாம். இப்ப தொறந்துக்கினு கீறாங்க."

"அது யாரு எடம்?"

"நீங்க கேக்குற வார்த்தை யாருக்கும் குடுக்காத வார்த்தையா இருந்தா, யாரு எடமும் கெடையாது சார்."

யாருக்கும் சொந்தமாகாத இடம் என்று ஒன்று இந்த உலகத்தில் மீதி இருக்கிறது என்று கேட்டால் வியாபாரிக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவன் விளக்கினான். உலகத்தில் இணையப் பெயர்களை மேற்பார்க்கிற ஓர் அமைப்பு இருக்கிறது, அமெரிக்காவில். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை இப்படிக் கதவைத் திறந்தார்களாம். நான் அப்போது பருப்பு விற்றுக்கொண்டிருந்தேன், தெரியாது. இந்த முறை சித்திரையில் திறந்து ஆடி முடிவதற்குள் மூடுகிறார்கள். அடுத்தது எப்போது என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. சர்க்கரை வேறு. அடுத்த கதவு திறக்கும்போது என் படத்துக்கு மாலை போட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று யோசித்தேன்.

சங்கத்தைக் கூட்டினேன். "தெருவில கடை பிடிச்சது போதும், தெருவையே பிடிப்போம்" என்றேன். புள்ளிக்குப் பின்னால் வரும் சொல் நம்முடையதாகிவிட்டால் தமிழில் கடை போடுகிற எவனும், அவன் சிங்கப்பூரில் இருந்தாலும் சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தாலும், நம்மிடம் வந்து இடம் கேட்க வேண்டும். ரெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நானும் நிமிர்ந்தேன்.

எந்தச் சொல் என்று ஒரு மணிநேரம் அடித்துக்கொண்டோம். யாரோ "சரக்கு" என்றார். சித்தார்த் தலையைச் சொறிந்தான். "அந்தப் பேர வெச்சா நம்ம ஏரியாவுல வேற கஸ்டமருதான் சார் வருவான்" என்றான். மசாலாக் கடை தங்கபுஷ்பம் அக்காள்தான் தீர்த்து வைத்தாள். "எதுக்குச் சுத்திக்கிட்டுக் கெடக்கிய? கடையின்னு வைங்க. கடைக்குக் கடையின்னுதான பேரு" என்றாள். அவ்வளவுதான். கடை.

மனுவுக்குக் கட்டணம் ஒரு பெரிய வீட்டின் விலை. எங்களிடம் மகமை என்று ஒரு வழக்கம் உண்டு. விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் கொஞ்சம் பொதுவுக்கு எடுத்து வைப்போம். பள்ளிக்கூடமும் கல்யாண மண்டபமும் அப்படிக் கட்டியவை. அந்தப் பொதுப் பணம் முழுக்க இதில் இறங்கியது. போதாதென்று மண்டபம் அடமானத்துக்குப் போனது. அதற்கும் மேல் தங்கபுஷ்பம் அக்காள் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகையைக் கழற்றி, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று என் கையில் வைத்தாள். என்னை நம்பி மேடம், என் முகத்தைப் பார்த்து.

அதன் பிறகுதான் சித்தார்த் மிச்ச விதிகளைப் படித்தான். நல்ல பிள்ளை, ஆனால் கெட்ட செய்தியைக் கடைசிப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவன்.

முதல் விதி, யார் எந்தச் சொல்லுக்கு மனு போட்டார்கள் என்பது கதவு மூடிய பிறகுதான் வெளியே தெரியும். இரண்டாவது, ஒரே சொல்லை இரண்டு பேர் கேட்டிருந்தால் கடைசியில் ஏலம். மேலே மேலே கேட்கிறவனுக்குச் சொல். மூன்றாவதைக் கேட்டுத்தான் எனக்கு வியர்த்தது. மனு உள்ளே போன பிறகு, போட்டிக்காரர்கள் தங்களுக்குள் பேசி ஒருவர் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.

எங்கள் பிழைப்பே பேசி ஒதுங்கிக்கொள்வதுதான். துறைமுகத்தில் நனைந்த சரக்கு ஏலத்துக்கு வந்தால் பத்துப் பேர் போவோம்; கேட்பது ஒருவர்தான். மற்ற ஒன்பது பேரும் முதல் நாளே டீக்கடையில் ஒதுங்கியிருப்போம். பேச விடாமல் கண்ணைக் கட்டி ஏலத்தில் நிறுத்துவேன் என்றால் அது என்ன நியாயம்? அப்படி ஓர் ஏலம் வந்தால் எங்களிடம் கேட்க மீதி எதுவும் கிடையாது. சொல்லும் போகும், கட்டணத்தில் பெரும்பங்கும் போகும்.

ஆகவே பேச வேண்டியதை மனு போவதற்கு முன்னாலேயே பேசிவிட வேண்டும். அதுவரைக்கும் நான் செய்தது எதிலும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது.

ஆனி மாசக் கடைசியில் சித்தார்த் சொன்னான். "சார், இன்னொரு பார்ட்டி இதே கடை மேட்டர வெசாரிச்சிக்கினு கீறாங்க. எப்பத் தொறக்கும், இன்னா ப்ரொசீஜர்னு. திருவொத்தியூர் சைடு."

"யாரு?"

"பேரச் சொல்ல மாட்டேன் சார். சொல்லாதன்னு கேட்டுக்கினாரு. உங்க மேட்டர அவர்கிட்ட சொன்னேனா? அதே மாதிரிதான்."

பெயரைச் சொல்லத் தேவையே கிடையாது. திருவொற்றியூர்ப் பக்கம் அந்த அளவுக்குக் கையில் பணம் உள்ளவர் ஒருவர்தான். பெனிட்டோ அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர். மூன்று பெரிய கடை, எண்ணூர்க் கம்பெனி கேன்டீன்களுக்கெல்லாம் சப்ளை. பிள்ளைகள் கனடாவில். பழைய தகராறு ஒன்றில் சங்கத்தை விட்டுப் போனவர். ஏலம் என்று வந்தால் என்னைவிட ஒரு ரூபாய் கூடக் கேட்டுவிட்டுச் சிரிக்கக்கூடியவர்.

போய்க் கேட்டேன். கல்லாவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைக்கச் சொன்னார்.

"அண்ணாச்சி, இந்த இன்டர்நெட்டுப் பேரு விஷயமா நீங்களும் விசாரிக்கியளாமே."

"யாருவே சொன்னா?"

"காத்துல வந்துச்சு."

"எண்ணூர்க் காத்துல என்னென்னமோ வரும். மூக்கப் பொத்திக்கிடணும்."

"மனு போடுதியளா?"

"பாப்போம்."

"ஒத்த வார்த்தையில சொல்லுங்க அண்ணாச்சி. போடுதியளா, போடலியா?"

"அவசரம் என்னத்துக்கு? வரும்போது வரும். கடலமிட்டாய் எடுத்துக்கிடும். கோவில்பட்டிச் சரக்கு."

எடுத்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் போகிற சர்ச்சின் பங்குச் சாமியாரிடம் சொல்லிக் கேட்க வைத்தேன். அவரிடமும் பார்ப்போம் என்றாராம். கூட்டுச் சேர்ந்துகொள்வோம் என்று போனில் சொன்னேன். "கூட்டு நல்லதுதான்" என்றார். இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொள்வது? ஆடி பிறந்துவிட்டது. இரவில் தூக்கம் போயிற்று. தங்கபுஷ்பம் அக்காள் எதிரே வந்தால் சந்தில் நுழைந்தேன். மண்டபத்தில் கல்யாண மேளம் கேட்டால் யாரோ வட்டியைக் கொட்டி முழக்குவது போல இருந்தது. அந்த மனிதர் ஒரே ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும், மேடம். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

கல்லாவுக்கு முன்னால் அவர் அதைச் சொல்ல மாட்டார் என்று பிறகு எனக்கே உறைத்தது. அதனால் கல்லா வைக்காத இடமாகப் பார்த்துக் கூப்பிட்டேன். என் கிடங்குக்கு. இதையும் என் பக்கத்துக்குச் சாதகமாகவே நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். புதுத் துவரை வந்திருக்கிறது, கேன்டீனுக்கு ஆகுமா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். சரக்குப் பார்க்கக் கூப்பிட்டால் எந்த வியாபாரியும் வராமல் இருக்க மாட்டான். ஆட்டோவில் தனியாக வந்து இறங்கினார்.

அன்று கிடங்கில் வண்டு மருந்து வைக்கிற நாள். மழைக்காலத்துக்கு முன்னால் எல்லாக் கிடங்கிலும் நடப்பதுதான். மருந்துக்காரர் வந்து மூட்டைகளுக்கு நடுவே வைத்துவிட்டுப் போவார். பிறகு ஷட்டரை இறக்கி, இடுக்கெல்லாம் பசை தடவிக் காகிதம் ஒட்டி, தேதியைச் சாக்கட்டியால் எழுதிவிடுவோம். ஒரு வாரம் யாரும் திறக்கக் கூடாது. அந்த மருந்து கக்கும் விஷவாயுவில் உள்ளே வண்டு மட்டும் அல்ல, எதுவும் மிஞ்சாது. அந்த நாளைக் குறித்தது யார் என்று கேட்டால், நான்தான்.

மருந்துக்காரர் போய் வெகுநேரம் ஆகவில்லை. என் ஆள் வேலப்பனைப் பசை காய்ச்ச மாவு வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருந்தேன். அவன் போனால் டீயும் குடித்துவிட்டுத்தான் வருவான். அண்ணாச்சி ஷட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற என் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து மோர் குடித்தார். "போனுல சார்ஜு நிக்க மாட்டேங்கு" என்றார். கொடுங்கள் என்று வாங்கி நானே சொருகினேன். அது உதவி செய்கிற எண்ணத்தில் செய்ததா, வேறு எண்ணத்திலா என்று கேட்டீர்கள். இரண்டும்தான். போனில் சார்ஜ் கம்மியாகத்தான் இருந்தது.

உள்ளே போனோம். மறுபடியும் கேட்டேன்.

"அண்ணாச்சி, இங்க கல்லா கெடையாது. இப்பமாவது சொல்லுங்க. மனு போடுதியளா?"

அவர் சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். "சரக்குக்கு முன்னால நின்னுக்கிட்டு என்ன பேச்சு பேசச் சொல்லுத?" என்றார். "புதுத் தொவரை எங்க?"

"கடைசி அடுக்குல."

அவர் பின்னால் போனார். நான் வெளியே வந்தேன். ஷட்டரை இறக்கிப் பூட்டினேன்.

மூக்கு நல்ல மூக்கு அவருக்கு; மருந்து வாடை தெரியவில்லையா என்று நீங்கள் நினைக்கலாம். எண்ணூர்க் காற்றில் முப்பது வருஷம் இருந்தவர்களுக்கு எல்லா வாடையும் ஒரே வாடைதான்.

கொஞ்ச நேரம் கழித்து வேலப்பன் வந்தான். சாலையில் லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. அதற்குள் உள்ளே எந்தச் சத்தமும் கிடையாது.

"இன்னா மொதலாளி, நீங்களே எறக்கிட்டீங்க? நான் வந்து எறக்க மாட்டேனா?"

"நேரமாகுது. ஒட்டு."

"உள்ள ஒரு வாட்டி பாத்துட்டு வந்துர்றேன். பூனை கீனை பூந்துகினு இருக்கும்."

"உள்ள ஒண்ணும் இல்ல. ஒட்டு."

யோசித்துப் பார்த்தால், கிடங்கு வாசலில் நின்று என் ஆயுளில் நான் சொன்ன முதல் 'இல்லை' அதுதான். என் அப்பா இருந்திருந்தால் அறைந்திருப்பார். வேலப்பன் நன்றாகத்தான் ஒட்டினான். காற்றுப் போகிற இடுக்கு ஒன்றுகூட விடவில்லை. எதையும் ஒழுங்காகச் செய்கிறவன்.

இரண்டாம் நாள் ஆட்டோக்காரர் அடையாளம் சொல்லி, போலீஸ் வந்து ஷட்டரைத் திறந்தபோது அண்ணாச்சி உள்ளே கிடந்தார். தானாகவே சரக்குப் பார்க்க வந்து உள்ளே போயிருப்பார், வேலப்பன் பார்க்காமல் பூட்டிவிட்டான் என்று நான் சொன்னேன். மொதலாளி சொல்லித்தான் ஒட்டினேன் என்று அவன் சொன்னான். இரண்டில் எதை நம்புவது என்று உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் தீர்மானித்தார்கள். அவன் இப்போது புழல் ஜெயிலில் இருக்கிறான்.

இதில் வேலப்பன் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. மனுப் போடுவதற்காகச் சங்கம் ஆரம்பித்த நிறுவனத்தின் இயக்குநர்கள் ஒவ்வொருவரையும் அந்த அமெரிக்க அமைப்பு விசாரிக்கும். குற்றம், மோசடி எதிலாவது தண்டனை வாங்கியவனா என்று பார்க்கும். நான் இயக்குநர். என் பெயரில் கறை விழுந்தால் தங்கபுஷ்பம் அக்காள் நகை முதற்கொண்டு எல்லாம் போய்விடும். வேலப்பன் எந்த நிறுவனத்துக்கும் இயக்குநர் கிடையாது. யார் உள்ளே போனால் நஷ்டம் குறைவு என்று பார்த்தேன். அவ்வளவுதான் கணக்கு. அவன் வீட்டுக்கு மாசாமாசம் அரிசி, பருப்புப் போகும்படி ஏற்பாடு செய்தேன்.

அவன் பெண்டாட்டி அம்மு அதை வாங்கவில்லை. தினமும் காலையில் கடைக்கு எதிரே வந்து நிற்கிறாள்.

"உள்ள ஒண்ணும் இல்லன்னு நீங்கதான சொன்னீங்களாம். டேசன்ல வந்து அத்த மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க மொதலாளி. வேற ஒண்ணும் வாணாம்."

"பாப்போம்" என்றேன்.

அவள் அதை எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டாளோ, மறுநாளும் வந்து நின்றாள்.

அண்ணாச்சியின் அடக்கத்தன்று திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பாதிக் கடைகள் அடைத்திருந்தன. சங்கத்தை விட்டுப் போனவர் என்றாலும் அடைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது நான். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரும் நான் அடித்ததுதான். அவர் சிரிக்கிற படமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அவர் மனைவி மகிமா அக்காள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"அண்ணாச்சி, அந்தப் பேர எப்பிடியாவது வாங்கிருங்க" என்றாள். "நீங்க கடையத் தொறந்தா மொதப் போணி நாந்தான் பண்ணுவேன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாரு. பெனிட்டோ, புள்ளி, கடை. கேக்க எப்பிடி இருக்குன்னு எங்கிட்டக் கேப்பாரு. அந்தக் கம்ப்யூட்டர்ப் பையனுக்குப் போனப் போட்டு, எப்பம் தொறப்பாக, எப்பிடி மொத ஆளாப் போயி நிக்கதுன்னு கேட்டாரு. தங்கப்பாண்டிக்குத் தெரியக் கூடாது, போணிய யாராவது சொல்லிட்டாப் பண்ணுவாகன்னு கேட்டாரு."

யாரோ என் கையில் காபி டம்ளரைக் கொடுத்தார்கள்.

"நீங்க வந்து மனுப் போடுதியளான்னு கேட்டியளாம்லா. வீட்டுக்கு வந்து சிரிச்சிச் சிரிச்சிச் சொன்னாரு. கல்லாவுல உக்காந்துக்கிட்டு இல்லன்னு எப்பிடிச் சொல்ல, அவனும் கடைக்காரந்தான, புரிஞ்சிக்கிடுவான்னாரு. உங்களச் சங்கடப்படுத்திட்டோமோன்னு பொறவு வருத்தப்பட்டாரு."

காபியைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தேன். சர்க்கரை போட்டிருந்தார்கள், எனக்கு ஆகாது. துக்க வீட்டில் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும், மேடம். அவர் போட்டிக்காரர் கிடையாது என்பது எனக்கு எப்போது தெரியும்? அடக்கத்தன்று. அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள என்ன வழி எனக்கு இருந்தது? கடையில் கேட்டேன், சாமியாரை விட்டுக் கேட்டேன், கிடங்கில் கேட்டேன். கேட்கிற முறையில் கேட்டேன். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் இன்றைக்கு அவர் உயிரோடு இருந்து முதல் போணி பண்ணியிருப்பார். சொல்லாமல் போனார். ஒருவர் பதில் சொல்லாததற்கு இன்னொருவர் எவ்வளவு தூரம் பொறுப்பு?

மனு தயாராக இருக்கிறது. சித்தார்த் முடித்துவிட்டான். அண்ணாச்சி செத்த பிறகு அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசுவது குறைந்துவிட்டது, ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஆடி முடிய இன்னும் சில நாள்தான் இருக்கிறது. வழக்கு இருந்தால் பரவாயில்லையா, தண்டனை ஆனால்தான் கணக்கா என்று அவனைக் கேட்டேன். அவன் பதிலுக்கு, "இன்னாத்துக்கு சார் கேக்குறீங்க?" என்றான். அதோடு விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்தவரை தண்டனைதான் கணக்கு. நம் ஊரில் தண்டனை ஆக எத்தனை வருஷம் என்று உங்களுக்கே தெரியும். அதற்குள் கடை என்கிற சொல் நம் கைக்கு வந்து, தெரு மறுபடி கலகலவென்று ஆகியிருக்கும். ஆகவே நான் கேட்பது சின்ன விஷயம். முழுதும் சொல்லிவிட்டேன். வேலப்பனை விட்டுவிடுங்கள், அவன் பெண்டாட்டி வெயிலில் நிற்கிறாள். என்னை எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு கையெழுத்தை மட்டும் போட விடுங்கள். இதைப் பேரம் என்று நினைக்காதீர்கள். பேரம்தான், இருந்தாலும்.

நீங்கள் பேனாவை மூடவில்லை. தமீம் என்று ஒரு கன்டெய்னர் டிரைவர் சொன்னதைக் காட்டுகிறீர்கள். என் கிடங்குக்கு நேர் எதிரே வரிசையில் நின்றிருந்தாராம். ஷட்டருக்கு உள்ளேயிருந்து யாரோ ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்தியது கேட்டதாம். என்ஜின் சத்தத்தில் என்ன வார்த்தை என்று புரியவில்லையாம். வெளியே வேட்டி கட்டிய ஓர் ஆள், தகரத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றதால், ஏதோ ரிப்பேர் வேலை என்று நினைத்துக்கொண்டாராம்.

அது நான்தான். பூட்டிய பிறகு அண்ணாச்சி வந்து ஷட்டரைத் தட்டினார். முதலில் சாதாரணமாகத்தான் தட்டினார், காற்றில் இறங்கிவிட்டது என்று நினைத்து. நான் குனிந்து, "அண்ணாச்சி, மனு போடுதியளா?" என்று கேட்டேன். அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். தட்டுவதை நிறுத்தினார்.

பிறகு சொன்னார். "இல்ல தம்பி" என்றார். "நான் மனு போடல. இல்ல. கர்த்தர் மேல சத்தியமா இல்ல. இல்ல. இல்ல."

சாவி என் கையில்தான் இருந்தது. தெளிவாகத்தான் கேட்டது. ஆனால் நீங்கள் என் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். கடைக்காரன் ஒருவன், அதுவும் அவரைப் போல ஒருவர், சரக்குக்கு நடுவே நின்றுகொண்டு இல்லை இல்லை என்றால் அதற்கு எங்கள் தொழிலில் என்ன பொருள் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன்: பின்கட்டில் அடுக்கியிருக்கிறது.

அதனால் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்து என்ன சொல்கிறார் என்று காத்து நின்றேன். வெகுநேரம் நின்றேன், மேடம். அதற்கு மேல் அவர் பேரத்துக்கு இறங்கி வரவே மாட்டேன் என்றுவிட்டார்.